காலுக்குச் சூடு

திருவனந்தபுரத்தில் ஒருவன் வேனுக்கு ஹீட்டர் வைக்கப் போகிறேன் என்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மார்கழியிலும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்காருகிற ஊர் இது. கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தளவாய் அதைச் சொன்னபோது, எதிர் டயர் கடை கௌசிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தளவாயண்ணா, அடுத்தது விழிஞ்ஞம் கடல்ல மீனுக்கெல்லாம் குடை தைச்சுக் குடுப்பீங்களோ?" என்றான். வேறு நாளாக இருந்தால் தளவாய் அவனை வாயாலேயே தோலுரித்திருப்பான். அன்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான்.

வேன் தாசையனுடையது. பத்தொன்பது வருஷப் பழசு. தளவாய் சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரு பையும் மாற்றுவேட்டியுமாக இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பழவங்காடிப் பிள்ளையார் கோவில் முன்னால் மூன்று நாள் பசியோடு சுற்றிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, புட்டும் கடலையும் வாங்கிக் கொடுத்து, "வேல தெரியுமாலே?" என்று கேட்டவர் தாசையன். அங்கே கோவிலுக்கு வருகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு போக அப்போது வேறொரு வண்டி போட்டிருந்தார். தெரியாது என்று தளவாய் சொன்னான். "செரி, தெரியாதவனுக்குத்தான் வேல படிச்சுக்க முடியும்" என்று ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டார். அந்தப் புட்டின் ருசி தளவாயின் நாக்கில் இன்னும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அவன் அப்படித்தான் சொல்லுவான்.

அந்த மனிதர்தான் எட்டு வருஷத்துக்கு முன்னால் வண்டியின் கூரைமேல் ஏறி யாருடைய பெட்டியையோ கட்டும்போது, கயிறு அறுந்து முதுகு அடிபட விழுந்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. கால்கள் இருந்தன, அவருக்குத்தான் அவை இருப்பது தெரியாது. அமரவிளையில் அவர் வீட்டு முற்றத்தில் வேன் நின்றது. மாதத்துக்கு ஒருமுறை தளவாய் போய் அதை எடுத்து, அவரைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வருவான். வேறு வண்டியில் அவர் ஏற மாட்டார். பின்னால் படுக்கவைத்துக் கொண்டுபோகிறோம் என்றால், "நான் என்ன சவமாலே?" என்று சீறுவார்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் அவர் மனைவி சரோஜம் தளவாய்க்கு போன் செய்தாள். குரலே சரியில்லை.

"தம்பி, உங்க அண்ணாச்சி மூணாறு போணும்னு நிக்காரு. கிறிஸ்மஸுக்கு மவ வீட்டுக்கு."

மகள் ஷைலஜா மூணாறில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஐந்து வருஷத்துக்கு முன்னால், அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் பேச்சிமுத்துவைக் கட்டிக்கொண்டாள். பையன் வேறு சாமி கும்பிடுகிறவன். சபையில் மூப்பராக இருந்த தாசையனுக்கு அது பெரிய அடி. அதைவிடப் பெரிய அடி, படுக்கையில் கிடக்கிற அப்பனை விட்டுவிட்டுப் போனாளே என்பது. இரண்டு தடவை அவள் வந்து வாசலில் நின்றபோதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு கலைந்துபோனதால் மலையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் வர முடியாது என்று தெரிந்த பிறகுதான் கிழவருக்கு மனசு இளகியிருக்கிறது. மனுஷ மனசை என்னவென்று சொல்வது!

ஆனால் போன பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, பதினொரு நாள் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்து வந்த உடம்பு அது. ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குளிர் பட்டால் மறுபடியும் நெஞ்சில்தான் போய் நிற்கும். கால்களும் தானாகத் துள்ள ஆரம்பிக்கும். போயே தீரவேண்டும் என்றால் வண்டிக்குள் சூடு வேண்டும்.

"சூடு இல்லாத வண்டியில நான் அவர ஏத்த மாட்டேன். அவரு வேற வண்டியில ஏற மாட்டாரு. நீதான் ஒரு வழி பண்ணணும் தம்பி" என்றாள் சரோஜம்.

"நான் பண்ணுதேன் மைனி. அண்ணாச்சிய சூடா கொண்டுபோயி சூடா கொண்டுவாறது எனக்க பொறுப்பு" என்றான் தளவாய். வாய்விட்டுச் சொன்ன வார்த்தை.

அவன் நினைத்தது சுலபமாகத்தான். எஞ்சினைச் சுற்றி ஓடுகிற சுடுதண்ணீரில் கொஞ்சத்தை ஒரு குழாய் வழியாக உள்ளே கொண்டுவந்து, ஒரு சின்ன ரேடியேட்டரில் ஓடவிட்டு, பின்னாலிருந்து ஃபேன் ஊதினால் ஹீட்டர். அந்த வேனிலும் ஒருகாலத்தில் அது இருந்தது. தளவாய்தான் பத்து வருஷத்துக்கு முன்னால் கழற்றிப்போட்டு, இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று இணைத்து முடிச்சுப் போட்டமாதிரி செய்திருந்தான். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இப்போது பழைய இரும்பு வாங்கும் ஆக்கிரிக் கடையில், உடைத்துப் போட்ட வண்டி ஒன்றிலிருந்து ஒரு பழைய ஹீட்டரைத் தேடி எடுத்து, கழுவி, அடைப்பு நீக்கி, முன்சீட்டுக்குக் கீழே வைத்தான்.

சோதித்துப் பார்க்க, விதுரை தாண்டி பொன்முடி மலைக்கு வண்டியை விட்டான். தாசையனும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. தளவாய் பெருமையோடு ஹீட்டரைத் திறந்தான். குளிர்காற்று வந்தது. இன்னும் திறந்தான். இன்னும் குளிர்காற்று வந்தது.

"லே, இது ஹீட்டரா, ஏசியா?" என்று தாசையன் குலுங்கிச் சிரித்தார். "நல்ல கொள்ளாம்!"

தளவாய் பானெட்டைத் திறந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். எஞ்சின் இத்தனை ஏற்றம் ஏறியும் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. அப்போது சீட்டிலிருந்தே தாசையன் கத்தினார்: "தெர்மோஸ்டாட் எவிடயாக்கும்? ஸ்டாண்டுல வெச்சு நீதானேலே அதப் பிடுங்கித் தூர எறிஞ்ச?"

தளவாய் நாக்கைக் கடித்துக்கொண்டான். எஞ்சின் தண்ணீர் நன்றாகச் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து வைக்கிற சின்ன வால்வு அது. வெயில் ஊரில் அது எதற்கு என்று தளவாய் தன் கைக்கு வந்த வண்டியிலெல்லாம் முதல் வேலையாக அதைத்தான் பிடுங்குவான். 'இனி உங்க எஞ்சின் சூடே ஆகாது' என்று சொந்தக்காரர்களிடம் பெருமையும் அடித்துக்கொள்வான். சொன்னபடியேதான் ஆகியிருந்தது.

மறுநாளே புது வால்வு வாங்கிப் போட்டான். இப்போது சூடு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தளவாய்க்கு ஒரு வேலையைப் பிடித்துவிட்டால் அதைச் சிங்காரிக்காமல் விடத் தெரியாது. தாசையனின் கால்கள் வண்டி ஆட ஆட சறுக்கிக்கொண்டே போகும். ஆகவே அலுமினியத் தகட்டில் ஒரு கால்பலகை செய்தான். அதை ஹீட்டருக்குப் போகிற செம்புக் குழாயின் மேலேயே பொருந்தவைத்து முடுக்கினான். சறுக்காது, காலுக்கு அடியிலேயே சூடு. ஹீட்டர் காற்றையும் மேலே வீணாகப் போகாமல் கால் பக்கமே திருப்பிவிட்டான். குளிர் என்றால் காலில்தானே முதலில் ஏறும்?

நெய்யாற்றின்கரை வழியாக ஓட்டிவந்து அமரவிளை முற்றத்தில் நிறுத்தி, சரோஜத்தைக் கூப்பிட்டுக் காட்டினான். உள்ளங்கையைப் பலகைமேல் அழுத்தி வைத்தான்.

"இளஞ்சூடு மைனி. முட்டைய வெச்சா குஞ்சு பொரிக்கும், அவ்வளவுதான். தொட்டுப் பாருங்க."

"நீ பாத்தா போதும் தம்பி. நான் என்னத்தக் கண்டேன்" என்று சரோஜம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தளவாயின் கையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் சூடான எஞ்சினுக்குள் விட்டு விட்டு எடுத்த கை. உள்ளங்கைத் தோல் செருப்பின் அடிபோலத் தடித்திருக்கும். வீட்டில் சோற்றுப்பானையைத் துணி பிடிக்காமல் அவன்தான் இறக்கிவைப்பான். "ஒங்க கை இருக்கும்போது எனக்கு இடுக்கி எதுக்கு?" என்று அவன் மனைவி வடிவம்மாள் கேலி செய்வாள். அவனும் சிரித்துக்கொள்வான். அது ஒரு குறை என்று யாருமே நினைத்ததில்லை.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி விடியும்போதே கிளம்பினார்கள். தாசையன் வெள்ளைச் சட்டை, மேலே ஸ்வெட்டர், தலையில் குல்லா. கால்களில் சரோஜம் இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸ் மாட்டியிருந்தாள். நடுச்சீட்டில் அவள், மடியில் ஒரு டின் முறுக்கும் மகளுக்குப் பிடித்த முந்திரிக்கொத்தும். கோட்டயம் தாண்டும்வரை தாசையன் ஒரே உற்சாகம். கீர்த்தனை பாடினார். எதிரே வருகிற பஸ் டிரைவர்களைத் திட்டினார். "தளவாய், அந்தப் பயல என்னலே கூப்பிடணும்? மருமவனேன்னு வாயில வராது, கேட்டியா?" என்றார். "பேருசொல்லிக் கூப்பிடுங்க அண்ணாச்சி. பேச்சின்னாலும் போதும்" என்றான் தளவாய். அவர் அதைச் சொல்லிப் பார்த்து, தனக்குள் சிரித்துக்கொண்டார்.

நேரியமங்கலம் பாலம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மழை தூறியது. கண்ணாடியில் மூடுபனி படிந்தது. தளவாய் ஹீட்டரைப் பாதி திறந்தான். உள்ளே வெதுவெதுவென்று ஆயிற்று. சரோஜம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "கர்த்தர் உனக்கு ஆயுசு தருவாரு தம்பி" என்றாள். தளவாய்க்கு இரண்டு சாண் உயர்ந்தமாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, காலுக்குச் சூடு கிடைக்கா?"

தாசையன் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். "கிடைக்குலே. நல்ல சொகமாக்கும்" என்றார்.

தளவாய்க்கோ சரோஜத்துக்கோ அந்தப் பதிலில் ஒன்றும் உறைக்கவில்லை. எட்டு வருஷம் அந்தக் கால்களைப் பார்த்தவர்கள்தான். ஆனாலும் குளிர், சூடு, கால் என்று ஒரு மாதமாகப் பேசிப் பேசி, கேட்கிறவனுக்கும் மறந்துபோயிற்று, கேட்டுக்கொண்டிருந்தவளுக்கும் மறந்துபோயிற்று.

அடிமாலி தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஊர்ப்பட்ட ஜனம் மலையேறிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் பழுதாகிக் குறுக்கே நிற்கிறதாம். ஏற்றத்தில் முதல் கியரில் பத்தடி, நிறுத்தம், மறுபடி பத்தடி. பத்தொன்பது வருஷ எஞ்சின் என்ன செய்யும்? சூடு முள் மெல்ல மெல்ல ஏறிச் சிவப்புக்குப் பக்கத்தில் வந்தது. இந்த மழையில், இந்த ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் அண்ணாச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மலையில் பழைய வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கைவைத்தியம் தெரியும். எஞ்சின் கொதிக்கிறதா, ஹீட்டரை முழுக்கத் திற. எஞ்சினின் சூட்டையெல்லாம் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். தளவாய் திறந்தான். ஃபேனையும் முழு வேகத்தில் வைத்தான். ஐந்தே நிமிஷத்தில் முள் கீழே இறங்கியது. "பாத்தியளா! எஞ்சினும் தப்பிச்சுது, நமக்கும் குளிர் விட்டுது" என்று ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் தாசையனின் வலது கால் துள்ளியது. முழங்காலோடு மேலே எழும்பி, பலகையை விட்டு வெளியே போய் விழுந்தது. பிறகு இடது காலும் உதறியது.

"குளிரு ஏறிட்டு" என்றாள் சரோஜம் பதற்றத்தோடு. "டாக்டர் சொன்னாருல்லா? குளிர்ந்தா துள்ளும்னு."

அவள் முன்னால் குனிந்து கால்களை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். வலது கால் மறுபடியும் துள்ளிக் கீழே போயிற்று. மறுபடியும் வைத்தாள். மூன்றாம் தடவை தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து, இரண்டு கால்களையும் பலகையோடு சேர்த்துச் சுற்றி, வலது பக்கம் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"மைனி, கெட்டுனது இறுக்கமா இருக்கா? சூட்ட விட்டு விலகக் கூடாது" என்றான் தளவாய். ஹீட்டரைக் குறைக்கலாமா என்று கையைக் கொண்டுபோனவன், கால் துள்ளுவதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டான்.

"அண்ணாச்சி, இப்ப எப்டி? காலுக்குச் சூடு தெரியுதா?"

"தெரியுதுலே" என்றார் தாசையன். "நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

சால்வைக்குள் அந்தக் கால் உதறிக்கொண்டே இருந்தது. அப்படி ஒன்றே முக்கால் மணி நேரம் ஏறினார்கள்.

மூணாறு எஸ்டேட்டில், லயம் என்கிற வரிசை வீடுகளில் மகள் வீட்டுக்கு முன்னால் வண்டி நின்றபோது மணி நாலரை. பேச்சிமுத்து ஓடிவந்தான். ஒல்லியான பையன், முப்பது வயதிருக்கும், வெட்கத்தில் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "மாமா" என்று கூப்பிடுவதா வேண்டாமா என்று தவித்தான். தாசையன் தொண்டையைக் கனைத்து, "பேச்சி, ஒரு கை பிடிடே" என்றார். அந்தப் பையனின் முகம் மலர்ந்துபோயிற்று. சால்வையை அவிழ்த்து அவரைத் தூக்கும்போது, பேச்சிமுத்து ஒரு கையைக் கால்பலகைமேல் ஊன்றினான். ஊன்றிய வேகத்திலேயே, "யம்மா!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் குதித்தான்.

"என்னண்ணே இது, தோசைக்கல்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். தளவாயும் சிரித்தான். "டீத்தூளு அள்ளுத கைல்லா, பூ மாதிரி இருக்கும்" என்று தாசையன் மருமகனை முதல்முதலாகக் கேலி செய்தார். அதைக் கேட்டு வாசலில் நின்ற ஷைலஜா அழுதுகொண்டே சிரித்தாள்.

உள்ளே கட்டிலில் உட்காரவைத்தார்கள். ஷைலஜா வயிற்றைத் தாங்கிக்கொண்டு அப்பாவின் முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். தாசையன் அவள் தலைமேல் கையை வைத்தார். ஜெபம் செய்யப்போகிறார் என்று எல்லோரும் கண்ணை மூடினார்கள். "மெலிஞ்சு போனியேம்மா" என்றார், அவ்வளவுதான். சரோஜம் சுவரோரமாகத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். தளவாய்க்கும் கண் கலங்கியது. நாம் செய்தது வீண் போகவில்லை என்று அப்போது நினைத்தான்.

"கால் குளிருமேப்பா. தைலம் தேய்ச்சு விடுதேன்" என்று ஷைலஜா அவர் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். மேல் சாக்ஸை உருவினாள். அடியில் இருந்த சாக்ஸ் நனைந்திருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்து இழுத்தாள். அது வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். வந்தது. அதோடு குதிகால் தோலும் வந்தது.

அவள் சாக்ஸைக் கையில் பிடித்தபடி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தாசையன், "என்னம்மா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். அவருக்குத் தெரியவே தெரியாது. தளவாய் அந்தக் காலைப் பார்த்தான். வெள்ளையும் சிவப்புமாகக் கிடந்தது. வெளியே ஓடிப்போய் வேனின் கதவைத் திறந்து, கால்பலகைமேல் உள்ளங்கையை வைத்தான். அப்போதும் அவன் கைக்கு அது இளஞ்சூடுதான்.

மூணாறு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா காயத்தைப் பார்த்துவிட்டு, மலையாளமும் தமிழுமாகக் கேட்டார்: "இவருக்கு வலி அறியில்ல, சரி. பட்சே காலுக்கு அறியும். பொள்ளும்போ, சூடு பட்டா, கால் தானே துள்ளும். துள்ளியில்லே?"

சரோஜமும் தளவாயும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் வெகுநாள் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

"குளிர்ல துள்ளுதுன்னு நினைச்சு..." என்று தளவாய் இழுத்தான்.

"கெட்டி வெச்சேன்" என்றாள் சரோஜம். "நான் இந்தக் கையால கெட்டி வெச்சேன் டாக்டரே. அது போவணும் போவணும்னு துடிச்சிது. நான் பிடிச்சுக் கெட்டினேன்." அவள் அங்கேயிருந்த பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். யாராலும் அவளைப் பிடிக்க முடியவில்லை.

காலுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ், "தொட்டுப் பாத்தேனே" என்று சொல்லிக்கொண்டே நின்ற தளவாயின் கையை வாங்கிப் பார்த்தாள். தடித்த உள்ளங்கையை விரலால் தட்டினாள். "சேட்டா, இந்தக் கைய வெச்சு சூடு பாக்கக்கூடாது. புறங்கைய வெச்சுப் பாக்கணும். குழந்தைக்குக் குளிக்கத் தண்ணி பாக்கது மாதிரி" என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். தளவாய்க்கு அது கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது.

கிறிஸ்மஸ் அன்று தாசையன் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். இடது கால் மெல்ல ஆறியது. வலது கால் ஆறவில்லை. ரத்த ஓட்டம் குறைந்த கால், புண் எலும்புவரை போய்விட்டது. ஜனவரி முழுக்கச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் மூணாறில் ஷைலஜாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. போனில் படம் வந்தது. இனி நேரில் பார்க்க அவரை யாரும் மலையேற்றப்போவதில்லை, கைக்குழந்தையோடு அவளும் உடனே இறங்கப்போவதில்லை. போகவேண்டும் என்று தாசையனும் அப்புறம் கேட்கவில்லை.

தளவாய் ஆஸ்பத்திரி வராந்தாவரை போவான், வடிவம்மாள் கொடுத்துவிட்ட கஞ்சியை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவான். உள்ளே போகத் தைரியம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் யார் வண்டி வந்தாலும் பேசாமல் வேலை பார்த்தான். கௌசிக் ஒருநாள் ஹீட்டர் கதையை எடுக்க வாயைத் திறந்தான். தளவாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

மார்ச் கடைசியில் சரோஜம் போன் செய்தாள். "வேன விக்கப் போறோம். அந்தச் சாமானத்தக் கழட்டிட்டுப் போ." தம்பி என்று சொல்லவில்லை.

போனான். அமரவிளை முற்றத்தில் வெயில் காய்ந்தது. வேனுக்கு அடியில் படுத்து, ஹீட்டரைக் கழற்றினான். இரண்டு குழாயையும் பழையபடி ஒன்றோடொன்று இணைத்தான். கால்பலகையின் நட்டுகளைத் திருகி அதை வெளியே எடுத்தபோது, ஓரத்தில் கம்பளி நூல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு காய்ந்து கிடந்தது. அதை நகத்தால் சுரண்டினான். போகவில்லை. சுரண்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

"லே தளவாய்." உள்ளேயிருந்து தாசையன் கூப்பிட்டார். "எத்தன நாளு ஒளிஞ்சு நடப்ப? இங்க வா."

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாய் இளைத்திருந்தார். போர்வைக்குள் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்தது. தளவாய் தரையில் உட்கார்ந்தான். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டான்.

"அண்ணாச்சி, சூடு தெரியுதான்னு கேட்டேனே. தெரியுதுன்னு ஏன் சொன்னிய? தெரியாதுலே முட்டாளேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

தாசையன் ஜன்னலைப் பார்த்தார்.

"எட்டு வருசமாச்சுலே. ஆதியில டாக்டர்மாரு ஊசியால குத்தி, தெரியுதான்னு கேட்டானுவ. இல்லன்னேன். எழுதிட்டுப் போனானுவ. பின்ன அந்தக் காலப் பத்தி ஒருத்தனும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டது கெடையாது. இவ தொடைப்பா, திருப்பி வெப்பா, மூடுவா. பாவம், அவள நான் குத்தம் சொல்லல்ல. ஆனா வீட்டுல கெடக்க ஒரு சாமானம் மாதிரித்தான் அது." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அன்னிக்கு நீ வண்டி ஓட்டிட்டே, காலுக்குச் சூடு கிடைக்கான்னு கேட்ட. சாதாரண மனுசங்கிட்ட கேக்கது மாதிரி. எனக்கு இல்லன்னு சொல்ல வாய் வரல்லலே. மவளப் பாக்கப் போற சந்தோசத்துல, இருக்குன்னு சொல்லிட்டேன். சொல்லச் சொல்ல கொஞ்சம் தெரியுத மாதிரியும் இருந்துச்சு."

தளவாய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வெட்கமில்லாமல் சத்தம்போட்டு அழுதான். அடுக்களைக் கதவருகில் சரோஜம் வந்து நின்றாள். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அங்கேயே நின்றாள்.

"செரி செரி, அழுதது மதி. எழும்பு" என்றார் தாசையன். போர்வையின் ஓரத்தைக் கையால் விலக்கினார். மிச்சமிருந்த இடது கால் வெளியே தெரிந்தது. மெலிந்து, புதுத்தோல் பளபளத்துக் கிடந்தது. "ராத்திரி மழை பெய்ஞ்சுது. இது குளிருதா என்னான்னு எனக்குத் தெரியாது. தொட்டுப் பாத்துச் சொல்லு."

தளவாய் கையை நீட்டினான். பாதிவழியில் நிறுத்தினான். பிறகு கையைத் திருப்பி, புறங்கையை அந்தப் பாதத்தின்மேல் மெல்ல வைத்தான்.

"குளிருது அண்ணாச்சி" என்றான். "நல்லாக் குளிர்ந்து போயிருக்கு."

"அப்டியா?" என்றார் தாசையன். "அப்ப மூடி விடு."